ஒரு சினிமாதான் பிரான்சின் ரெதுவான் ஃபாயிதைக் கொள்ளைக்காரன் ஆக்கியதா?

சினிமா பார்த்துக் கெட்டார் என்று சொல்வது சுலபம். ஆனால் காலவரிசை இடிக்கிறது. அல்ஜீரியாவிலிருந்து பிரான்சில் குடியேறிய பெற்றோருக்கு 1972-ல் கிரெய் ஊரில் பிறந்தவர் ஃபாயித். சிறுவயதிலேயே திருட ஆரம்பித்துவிட்டார். அவர் தலையில் வைத்துக் கொண்டாடிய ‘ஹீட்’ என்ற ஹாலிவுட் கொள்ளைப் படம் வந்ததோ 1995-ல். ஆசை முன்பே இருந்தது, படம் அதற்கு ஒரு தோரணை கொடுத்தது. அவ்வளவுதான்.

அந்தத் தோரணையை அவர் விடவில்லை. படத்தில் வருவதுபோலவே ஹாக்கி முகமூடி மாட்டிக்கொண்டு பணவண்டியை மறித்தார். அப்புறம் பாரிஸ் வந்த அந்தப் படத்தின் இயக்குநர் மைக்கேல் மானிடமே, நீங்கள்தான் என் தொழில்நுட்ப ஆலோசகர் என்று சொன்னாராம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 2010-ல், அவர் திட்டமிட்டதாக நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு கொள்ளை முயற்சியில், 26 வயதுப் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபாயிதின் ரசிகர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

படத்தின் நாயகனான கொள்ளைக்காரனுக்கு ஒரு விதி உண்டு: ஆபத்து தெரிந்தால் முப்பதே நொடியில் உதறிவிட்டுப் போக முடியாத எதையும் வாழ்க்கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபாயித் 2018 ஜூலை 1-ல் சிறையிலிருந்து ஹெலிகாப்டரில் பறந்தார். மூன்று மாதம் கழித்துப் பிடிபட்டார், தான் பிறந்த அதே கிரெய் ஊரில்.