மனிதரைப் போல் பேசவும் சிந்திக்கவும் இயந்திரத்தால் நம்பும்படி நடிக்க முடியுமா?

பேசி நம்ப வைப்பது 1960களிலேயே நடந்துவிட்டது. ஆனால், நம்ப வைத்த பெருமையில் பாதி கேட்பவருக்கே உரியது என்பது என் கருத்து.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் வைசன்பாம் 1966இல் விவரித்து எழுதிய எலிசா என்ற கணினி நிரல், மனநல ஆலோசகரைப் போல் உரையாடியது. தட்டச்சு செய்த வாக்கியத்தில் தனக்குத் தெரிந்த சொல் ஏதேனும் அகப்பட்டால், ‘என்’ என்பதை ‘உங்கள்’ என்று மாற்றி, அந்த வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பித் தரும்; அகப்படாவிட்டால், ‘மேலே சொல்லுங்கள்’ என்று சமாளிக்கும். ஒன்றுமே தெரியாதவர் போல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் யாரும் சந்தேகப்படாத ஆலோசகர் வேடத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். அந்த நிரல் உருவானதைப் பல மாதங்கள் உடனிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் நாலு வரி பேசியதும், அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்.

கல்லூரி நாட்களில் இதைத் தமிழில் செய்து பார்த்தேன். ‘என் அம்மா என்னோடு பேசுவதில்லை’ என்றதற்கு, ‘உங்கள் அம்மா உங்களோடு பேசுவதில்லையா?’ என்று அழகாகவே கேட்டது. ‘நான் தனியாக இருக்கிறேன்’ என்றதும், ‘நீங்கள் தனியாக இருக்கிறேனா?’ என்று உளறியது; வினைமுற்றின் விகுதியையும் மாற்ற வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன். அப்படியும் என் அறைத்தோழன் பிழையை மனத்துக்குள் திருத்திப் படித்துக்கொண்டு, மேலும் இரண்டு வரி பதில் தட்டினான்.

சிந்தனை என்பது வேறு வழக்கு. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், பதில் எழுதுவது மனிதரா இயந்திரமா என்று கேள்வி கேட்பவர் கண்டுபிடிக்க வேண்டிய ஓர் ஆட்டம் வருகிறது. அதற்கான மாதிரி உரையாடலில், 34957உடன் 70764ஐக் கூட்டும்படி கேட்கப்படுகிறது. சுமார் 30 நொடிக்குப் பின் வரும் விடை 105621. உண்மையான விடை 105721. ஆட்டத்தில் வெல்ல நினைக்கும் இயந்திரம் கணக்கில் வேண்டுமென்றே தவறு செய்யும் என்று அதே கட்டுரையில் அவர் சொல்லியிருப்பதால், இதை அச்சுப்பிழையாக நான் கருதவில்லை. மனிதராக நடிப்பதற்குத் தன் திறமையையே மறைக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த நடிப்பைக் கொண்டு திறமையை எப்படி அளப்பது?

இன்றைய உரையாடல் மென்பொருள்கள் எலிசாவைப் போல் வெறும் எதிரொலிகள் அல்ல. அவற்றைச் சோதிக்க விரும்பினால், ‘நீ மனிதனா?’ என்று துருவாமல், எங்கும் எழுதப்பட்டிராத உங்கள் வீட்டுக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, எந்தப் படியில் சறுக்குகிறது என்று பாருங்கள்.