14,000 கிலோமீட்டரில் கிளட்ச் போய்விட்டதா? பழைய பிளேட்டை விட்டுவிட்டு வராதீர்கள்

கேள்வி: மதுரையில் இருந்து மேலூர் பள்ளிக்கு தினமும் காரில் போய் வருகிறேன். வண்டி வாங்கி 11 மாதம், ஓடியது 14,000 கிலோமீட்டர். ஒரு வாரமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறுகிறதே தவிர வேகம் ஏறவில்லை. கருகல் வாடையும் வந்தது. சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் தேயும் பொருள், வாரண்டி கிடையாது. நீங்கள் ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே, ஓட்டியிருக்கிறீர்கள்" என்று 16,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது. பணத்தைக் கட்டி எடுத்துவிடலாமா?

பதில்: வண்டி இல்லாமல் பள்ளிக்குப் போக முடியாது என்றால் கட்டி எடுங்கள், தப்பில்லை. ஆனால் கட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, வாரண்டி மறுத்ததற்கான காரணம், எழுத்தில். இன்னொன்று, கழற்றிய பழைய கிளட்ச் பிளேட். இவை இரண்டும் இல்லாமல் வெளியே வந்துவிட்டால் அப்புறம் நான் உட்பட யாராலும் உங்களுக்குப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இன்ஜின் சுழற்சியை உரசிப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற கிளட்ச் பிளேட் தேயும் பொருள்தான். உங்கள் வாரண்டி புத்தகத்தில் பிரேக் பேடு, வைப்பர் பிளேடு வரிசையில் அதுவும் இருக்கும். ஆனால் அந்த வரியின் அர்த்தம், இயல்பாகத் தேய்ந்தால் மாற்றித் தரமாட்டோம் என்பது மட்டும்தான். செருப்பு நடக்க நடக்கத் தேயும். வாங்கிய மாதமே வார் பிய்ந்துவிட்டால் அதைத் தேய்மானம் என்று யாராவது ஒத்துக்கொள்வோமா? சாதாரணமாக ஓட்டினால் கிளட்ச் 60,000 கிலோமீட்டருக்குக் குறையாமல் வரும், லட்சம் தாண்டுகிற வண்டிகளும் உண்டு. நீங்கள் போகிற ரோட்டையும் பாருங்கள். ஒத்தக்கடை நெரிசலைத் தாண்டிவிட்டால் மேலூர் வரை டாப் கியரில் போகிற நாலுவழிச் சாலை. அங்கே கிளட்சுக்கு வேலையே கம்மி. இதை அப்படியே எழுதிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் உங்களுக்குள் உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் வீட்டில் யாராவது ஓட்டப் பழகினார்களா? செங்குத்தான சரிவில் ரிவர்ஸ் எடுக்கத் திணறி அரை மணி நேரம் போராடினீர்களா? அப்படி இருந்தால் ஒரே நாளில் நல்ல பிளேட்டும் கருகிவிடும். அப்போது சண்டை வேண்டாம்.

இல்லை என்றால், பிளேட்தான் சாட்சி. ஹாஃப் கிளட்ச் மாதிரி கால் பழக்கத்தால் கருகிய பிளேட் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ரிவெட் ஆணி தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். அது உரசும் ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) முகத்தில் நீலம் பாய்ந்திருக்கும், மயிரிழை விரிசல் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, பிளேட் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, பெடலை மிதித்த கால் மேல் மட்டும் சுலபமாகப் பழி போட முடியாது. அது பொருளிலோ பொருத்தியதிலோ உள்ள கோளாறாக இருக்கலாம்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, பலர் ஏமாறுவது இதில்தான். எண்ணெய். கிளட்ச் காய்ந்த இடத்தில் வேலை செய்ய வேண்டிய பொருள். அதற்கு ஒரு பக்கம் இன்ஜின் ஆயில், மறுபக்கம் கியர் ஆயில். நடுவில் தடுப்பது இரண்டு ரப்பர் ஆயில் சீல். அதில் ஒன்று கசிந்தால் பிளேட் மேல் எண்ணெய் ஏறும், பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கருகும், ஃப்ளைவீலில் நீலமும் பாயும். பார்த்தீர்களா? கால் பழக்கத்தால் வரும் அதே நீலம், எண்ணெய்க் கசிவாலும் வரும். சர்வீஸ் அட்வைசர் போனில் அந்த நீலத்தைப் படம் காட்டி "பாருங்க மேடம், ஹாஃப் கிளட்ச்" என்பார். நீங்கள் நம்பிவிடுவீர்கள். நீலம் சூட்டுக்குத்தான் சாட்சி, சூடு எதனால் வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அதனால் நாளைக்குப் போகும்போது ஒரு வெள்ளைத் துணி கொண்டு போங்கள். கியர்பாக்ஸ் இறக்கிய நிலையிலேயே, கிளட்ச் உட்காரும் கூட்டின் அடிப்பக்கத்தையும் பிளேட்டின் நடுப்பகுதியையும் துடைத்துப் பாருங்கள். வெறும் கருப்புத் தூள் ஒட்டினால் அது தேய்ந்த பிளேட்டின் தூள். ஈரமாக, பிசுபிசுப்பாக ஒட்டினால் எண்ணெய். மூக்கருகே கொண்டு போனால் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், இல்லையென்றால் இன்ஜின் ஆயிலாக இருக்கும். துணியோடும் இடத்தோடும் சேர்த்துப் படம் எடுங்கள், தேதி தெரிகிற மாதிரி. தேயும் பொருள் பட்டியலில் ஆயில் சீல் பொதுவாக இருக்காது, உங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீல் கசிந்துதான் பிளேட் கெட்டது என்றால் சீலோடு சேர்த்து பிளேட்டையும் வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

22 வருடம் சர்வீஸ் சென்டர்களில் வாரண்டி வேலை பார்த்தவன் நான். திருமங்கலத்தில் இருந்து ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். வேறொரு இடத்தில் ஒரே வருடத்தில் இரண்டு முறை கைக்காசு போட்டு கிளட்ச் மாற்றியிருக்கிறார். இரண்டு முறையும் "உங்க டிரைவர் சரியில்லை" என்றே சொல்லியிருக்கிறார்கள். டிரைவரையும் மாற்றிவிட்டார் பாவம். மூன்றாவது முறை கியர்பாக்ஸை இறக்கி நான் துணியை வைத்தேன், கருப்பாக எண்ணெய். சில நூறு ரூபாய் சீல்! புது பிளேட் போட்டவர்கள் அந்த இடத்தைப் பெட்ரோலில் கழுவித் துடைத்துவிட்டு மாட்டியிருக்கிறார்கள், கசிவு எங்கிருந்து என்று பார்க்கவே இல்லை. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்கள் வண்டியிலும் கழுவுவதற்கு முன்னால் போய்விடுங்கள்.

அப்புறம், "கம்பெனியே மறுத்துட்டாங்க" என்பார்கள். எத்தனையோ தடவை கம்பெனிக்கு அந்த விஷயம் போயே இருக்காது. டீலர் கிளெய்ம் அனுப்பி அது நிராகரிக்கப்பட்டால் வேலைக்கூலி அவர் தலையில் விழும், அதனால் அனுப்பாமலே உங்களிடம் வசூலிப்பது அவருக்குச் சுலபம். கிளெய்ம் எண் கேளுங்கள், எந்தத் தேதியில் அனுப்பினார்கள், என்ன காரணம் என்று இமெயிலில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஜாப் கார்டில் "வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்" என்ற மாதிரி ஏதாவது எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் கட்டும்போது "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லில் எழுதி, அதையே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

சர்வீஸ் சென்டர் வாசல் டீக்கடையில் ஒருவர் உங்களைத் தேடி வருவார். "கம்பெனியில நமக்கு ஆள் இருக்கு, 3,000 கொடுங்க, குட்வில்லில் முடிச்சுத் தர்றேன்" என்பார். பைசா கொடுக்காதீர்கள். குட்வில் என்பது கம்பெனி தானாக ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது. அதை டீலர் மூலமாகவோ நேராகவோ நீங்களே கேட்கலாம், இலவசம். கிடைத்தால், "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். நுகர்வோர் சங்கம் என்ற பெயரில் லெட்டர்பேடு வைத்துக்கொண்டு நோட்டீஸுக்கு 5,000 கேட்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல சங்கங்கள் இப்படி வசூல் செய்வதில்லை. கோபத்தில் வண்டியை டோ செய்து வெளி மெக்கானிக்கிடம் பிரிக்கவும் விடாதீர்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், "வெளியில் கை வைத்துவிட்டார்கள்" என்ற ஒரே வரியில் உங்கள் கதை முடிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில கம்பெனிகள் இதற்கே இறங்கி வருகின்றன. அடுத்தது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வண்டி விலை 5 முதல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். மனுவிலேயே, பிளேட்டைத் தொழில்நுட்ப ஆய்வுக்கு அனுப்பும்படி 38-வது பிரிவின் கீழ் கேட்டுவிடுங்கள். நிபுணர் அறிக்கை இல்லாததாலேயே தோற்ற வழக்குகள் ஏராளம்.

சட்டம் மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. வாய்தா வாய்தாவாக அது வருடக்கணக்கில் இழுக்கும் என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. பிரித்துப் பார்ப்பதும் அவர்கள், காரணம் சொல்வதும் அவர்கள், பில் போடுவதும் அவர்கள். நடுவில் உங்கள் சார்பாகப் பார்க்க ஓர் ஆள் கிடையாது. 16,800 ரூபாய்க்காக ஒரு ஆசிரியை லீவு போட்டு அலைய வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும், மாறவில்லை.

பிளேட்டைப் பற்றிக் கடைசியாக ஒன்று. நீங்கள் காசு கொடுத்து மாற்றினால் பழையது உங்கள் சொத்து, தரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் கேளுங்கள். ஆயில் சீல் மாற்றினால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் துடைக்காமல் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வண்டி எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பழைய இரும்புக்காரர் வந்தால் வீட்டில் யாரும் தெரியாமல் எடுத்துப் போட்டுவிடாதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.