ஆச்சிக்குப் போன் போட வைத்த புத்தகங்கள்

கேட்கப்பட்ட கேள்வி: ‘மொழி, இலக்கியம், கதை சொல்லும் கலை பற்றிய புத்தகங்களில் உங்களுக்கு நெருக்கமானவை எவை? பாடப்புத்தகம் மாதிரி வறட்சியாக இருக்கக் கூடாது.’

நான் பாளையங்கோட்டையில் தமிழ் இலக்கியம் படித்தவள். மூன்று வருடமும் நூற்பாக்களை உருப்போட்டு, எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் நீங்கள் கேட்கிற மாதிரியான புத்தகங்கள் என் கைக்கு வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து, கோயம்புத்தூரில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான். அந்த நாட்களில் ஒரு புத்தகம் நல்ல புத்தகமா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு வழி இருந்தது. படித்துவிட்டு மூடியதும், சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, ஆச்சிக்குப் போன் போடத் தோன்றுகிறதா? தோன்றினால் நல்ல புத்தகம். அப்படித் தோன்ற வைத்தவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உ.வே.சாமிநாதையர் எழுதிய ‘என் சரித்திரம்’. தன்வரலாறு என்று பெயரே தவிர, ஒரு மொழியின் பழைய நூல்கள் எப்படித் தொலைகின்றன, எப்படித் திரும்பி வருகின்றன என்பதைச் சொல்வதில் இதற்கு இணையாக நான் வேறொன்றைப் படித்ததில்லை. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கி, 1942-ல் அவர் மறைந்தபோது முடிவு பெறாமலே நின்றுபோனது.

எங்கே திறந்தாலும் படிக்கலாம், ஆனால் ‘என்ன பிரயோசனம்?’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். 1880, கும்பகோணம். அவருக்கு 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரியில் அப்போதுதான் தமிழ் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கு முன்சீப்பாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார் அவர். நைடதம், கம்பராமாயணம் என்று இவர் மேலே மேலே சொல்லியும் அவர் முகம் மலரவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த நூல்களை இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. புத்தகம் கிடைத்தால் படிக்கும் தைரியம் உண்டு என்று மட்டும் சொல்கிறார்.

அத்தனை வருடம் குருவின் காலடியில் இருந்து கற்ற ஒருவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனால் அந்த வலியை அவர் கோபமாக ஆக்கிக்கொள்ளவில்லை. முதலியார் பிறகு கொடுத்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏழு வருடம் கழித்து, 1887-ல், சிந்தாமணி அச்சில் வந்தது. அப்புறம் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை.

நடுவில் நடந்ததுதான் எனக்கு உயிர். சிந்தாமணி சமண காவியம். அதில் வரும் சமயச் செய்திகள் அவருக்குப் புரியவில்லை. சுற்றிலும் இருந்த தமிழ் வித்துவான்களுக்கும் தெரியவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழும் தெரு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போகிறார். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம். ஏதாவது விசேஷமா என்று விசாரித்தால், சிந்தாமணி படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று பதில் வருகிறது. எந்த நூலைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை என்று ஏங்கினாரோ, அதை ஒரு குடும்பம் நடந்து போகிற தூரத்தில் உட்கார்ந்து படித்துப் பூர்த்தி செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். வித்துவான்களுக்குத் தெரியாதது ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கிறது.

பிறகு, சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போகிறார். எங்கள் ஊரிலிருந்து பக்கம். பால்வண்ணநாதர் கோயில் பிராகாரத்தில் நான் சின்ன வயதில் ஓடி விளையாடியிருக்கிறேன். அந்தக் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவரிடமிருந்து வந்து சேர்ந்த ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் அவர் போனது. போனால், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம், ஆகமத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்கிறார்கள். அப்படி ஓர் ஆகமம் இருந்தால் முதலில் அதையல்லவா நெருப்பில் இட வேண்டும் என்று அவர் பதறுகிறார். எனக்குத் தெரிந்த கோயில், எனக்குத் தெரிந்த கல்தரை. அங்கே எரிந்துபோன ஏடுகளில் என்ன பாட்டு இருந்ததோ! அன்று இரவே ஆச்சிக்குப் போன் போட்டேன். அவளுக்கு இந்தச் சேதி எதுவும் தெரியாது. ‘எரிச்சிட்டாங்களா? பாவி மட்டைகளா’ என்றாள்.

அடுத்தது கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ.கே.ராமானுஜன். 1962-ல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று நூலகத்தின் அடித்தளத்துக்குப் போகிறார். அவர் மைசூரில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ் உண்டு, பழந்தமிழ் படித்ததில்லை. அங்கே அவர் கையில் சிக்கியது உ.வே.சா. 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை. அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்டத் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அதிலிருந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967-ல் வந்தது. உலகத்தில் பலர் சங்கப் பாட்டை முதன்முதலில் படித்தது அதில்தான். கும்பகோணத்தில் ஒரு முன்சீப் கேட்ட கேள்வி சிகாகோவில் ஒரு நூலகத் தரை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வருவது அவருடைய நாட்டுப்புறக் கதை வேலையைத்தான். 22 இந்திய மொழிகளின் கதைகளைச் சேர்த்து 1991-ல் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அதில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ஒரு விதவைத் தாய். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரும் அவளை ஏசுகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கி அடக்கி உடம்பு பருத்துக்கொண்டே போகிறது, அதற்கும் ஏச்சு. ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, ஊருக்கு வெளியே கூரையில்லாத ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பில் கொஞ்சம் எடை குறைகிறது. அடுத்த சுவரிடம் மூத்த மருமகள். அடுத்து இளைய மகன், அடுத்து இளைய மருமகள். நான்கு சுவரும் விழுந்தபின் அவள் லேசாக நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்று எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்த ஒரு பக்கம் சொன்ன அளவுக்கு எதுவும் சொல்லவில்லை.

ராமானுஜன் கவனித்துச் சொன்ன இன்னொரு விஷயம் என்னைப் புரட்டிப் போட்டது. அவர் சேகரித்தவை பெரும்பாலும் கன்னடக் கதைகள். அடுக்களையில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பெண்கள் சொல்லும் கதைகளில் யாருக்கும் பெயர் இருக்காது. ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு தங்கச்சி, அவ்வளவுதான். அதே போன்ற கதையை வெளியே, ஊர் கூடியிருக்கும் இடத்தில், தொழில்முறைக் கலைஞர் பாடும்போது பெயர்கள் வந்துவிடும், ஊர் வந்துவிடும். இந்த வேறுபாட்டைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் நம்முடைய அகம், புறம்.

‘சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்’. தொல்காப்பியம், அகத்திணையியல். அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்ற விதி. இதை நான் தேர்வில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதே விதியின் சாயல் எங்கள் வீட்டு அடுக்களையிலும் இருந்தது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ஆச்சி சொன்ன எந்தக் கதையிலும் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ‘அந்தப் புள்ள பேரு என்ன ஆச்சி?’ என்று கேட்டால், ‘பேரு என்னத்துக்கு, கதையக் கேளு’ என்பாள்.

அதற்குப் பிறகு தொல்காப்பியத்தைத் திரும்ப எடுத்தேன். கல்லூரியில் பயந்து பயந்து படித்த நூல். முழுவதும் படியுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். செய்யுளியலில் உரைநடையின் வகைகளைச் சொல்லும் இடத்தை மட்டும், பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியரின் உரையோடு பாருங்கள். அந்த வகைகளில் ஒன்று ‘பொருள்மரபு இல்லாப் பொய்ம்மொழி’. அதற்குப் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு, ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்பது. ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழிவழியாக வருபவை இவை என்றும் எழுதுகிறார். பாட்டிக் கதைக்கு இலக்கண நூலுக்குள்ளேயே ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள்! யானை, குருவிக் கதையை ஆச்சியிடம் கேட்டேன். அவளுக்கு அது தெரியவில்லை. காக்காய், குருவி, நரி, நண்டு எல்லாம் இருந்தது.

கடைசியாகக் கி.ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் விவசாயம் பார்த்தவர். பள்ளிப்படிப்பு நடுவிலேயே நின்றுபோனது. பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1982-ல் அவர் கொண்டுவந்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் மனிதர்கள் பேசும் சொற்களுக்கு ஓர் அகராதி. அகராதியை யாராவது கதைப் புத்தகம் மாதிரிப் படிப்பார்களா என்றால், நான் படித்தேன். பெருமாள்முருகன் கொங்குப் பகுதிக்கும் கண்மணி குணசேகரன் கடலூர், விழுப்புரம் பக்கத்து நடுநாட்டுக்கும் இதே போலச் செய்திருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அகராதி படித்த சூட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஆச்சி பேசுவதை எழுதத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் எழுதிய சொல் ‘பைய’. ‘பைய நட, பைய சாப்பிடு’ என்பாள். மெதுவாக என்று அர்த்தம். கல்லூரி விடுதியில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வெட்கப்பட்டிருக்கிறேன். ‘பசையினள் பைய நகும்’ என்று திருக்குறளில் இருக்கிறது. ‘பையவே சென்று பாண்டியற் காகவே’ என்று சம்பந்தர் பாடியிருக்கிறார். இரண்டையும் வகுப்பில் படித்த பிறகும் வெட்கப்பட்டேன். அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் ‘என் சரித்திரம்’ வாங்குங்கள். சென்னை பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூல் நிலையம் அதை வெளியிட்டிருக்கிறது. பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடப்பது மாதிரி ஓடிவிடும். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பக்கத்தில் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி போய் நான்கு வருடம் ஆகிறது. நோட்டில் பதினொரு கதைகள் இருக்கின்றன, பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது. ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கச்சி. அண்ணன்மார் வியாபாரத்துக்குப் போனபின் மதினிமார் அவளைப் படுத்துகிறார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறார்கள், தவளைகள் வந்து ஓட்டையில் உட்கார்ந்து அடைக்கின்றன. கயிறு இல்லாமல் விறகு கட்டி வரச் சொல்கிறார்கள், ஒரு பாம்பு வந்து கயிறாகச் சுற்றிக்கொள்கிறது. விறகை மெதுவாக இறக்கி வை என்று பாம்பு சொல்லி அனுப்புகிறது. அந்த இடத்தில் ஆச்சிக்கு இருமல் வந்துவிட்டது. ‘உம் கொட்டுட்டி, கொட்டாட்டி கதை நின்னு போயிரும்’ என்று சொல்கிறவள், அன்றைக்கு ‘மீதிய நாளைக்குச் சொல்லுதேன்’ என்று போனை வைத்தாள்.

தெற்கே யாராவது இந்தக் கதையைக் கேட்டிருந்தால், விறகை இறக்கி வைத்தபின் அந்தத் தங்கச்சிக்கு என்ன ஆனது, அண்ணன்மார் எப்போது திரும்பி வந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். நோட்டில் மூன்று பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.