19,500-ஐயும் 35,000-ஐயும் நேருக்கு நேர் வைக்காதீர்கள்

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் மதுரைக்கு வந்து ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 4 வருடம் 7 மாதம் ஆகிறது. சிடிசி, அதாவது நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 4,20,000. இப்போது குரூப் 4-இல் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 19,500. மாதம் 35,000-ஐ விட்டுவிட்டு இதற்குப் போவதா? "கால் காசு என்றாலும் கவர்மென்ட் உத்தியோகம்" என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பதில்: 19,500 என்பது படிகள் எதுவும் சேராத அடித்தொகை. 35,000 என்பது உங்கள் கைக்கே வராததையும் சேர்த்துச் சொன்ன தொகை. இரண்டையும் முதலில் ஒரே தரைக்குக் கொண்டுவருவோம்.

உங்கள் 35,000-இல் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்குவது இரண்டும் அடக்கம். அடிப்படை 17,500 என்றும், பிஎஃப் 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பிடிக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், உங்கள் பங்கும் போக கையில் ஏறக்குறைய 30,500 நிற்கும். பே ஸ்லிப்பை எடுத்துச் சரிபாருங்கள்.

அங்கே 19,500-க்கு மேல் அகவிலைப்படி உண்டு. 2025 ஜூலைக் கணக்குப்படி அது 58 சதவீதம், அதாவது 11,310. கூட்டினால் 30,810. அப்புறம் வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி. ஓய்வூதியத்துக்கு 10 சதவீதம், காப்பீட்டுக்குக் கொஞ்சம் என்று பிடித்தம் போகும். முதல் மாதம் கைக்கு வருவது இப்போதையதைவிடச் சற்றுக் குறையலாம், பாதியாகிவிடாது. ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வும், வருடத்துக்கு இருமுறை அகவிலைப்படித் திருத்தமும் யார் தயவும் இல்லாமல் வரும்.

இரண்டும் இப்படிக் கிட்டத்தட்ட வந்து நிற்பது ஏன்? தனியாரில் சம்பளத்தைத் தீர்மானிப்பது சந்தை. மதுரையில் பி.காம் முடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் கணக்கர் சம்பளம் எளிதில் ஏறாது. அரசு ஊதிய விகிதத்தில் கீழ்மட்டத்துக்கும் உச்சிக்கும் இடைவெளி குறைவு: தமிழ்நாட்டில் தொடக்கம் 15,700, உச்சம் 2,25,000. கீழ், நடு நிலைகளில் அரசு தூக்கிக் கொடுக்கும். நிபுணத்துவம் கூடக் கூட தனியார் முந்திவிடும். நீங்கள் சிஏ இன்டர் மாதிரி ஏதாவது படித்துக்கொண்டிருந்தால் என் பதிலே வேறு. இல்லையென்றால் அம்மா பக்கம்தான் நான்.

ஓய்வூதியம்: பிஎஃப் வழி வரும் பென்ஷன், 15,000 வரம்பில் 30 ஆண்டு உழைத்தாலும் மாதம் சுமார் 7,000-தான். அரசில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லாமல் போனது. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால், சேரும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகப்பேறு விடுப்பு தனியாரில் 26 வாரம், தமிழக அரசில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஓராண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தக் கணக்கெல்லாம் காலமுறை ஊதியத்துக்கு, அதாவது படிகளும் ஆண்டு உயர்வும் உள்ள நிரந்தர ஊதிய விகிதத்துக்கு. உங்களுடையது அதுதான், ஆனால் இதைப் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் தொகுப்பூதிய (மாதம் ஒரே மொத்தத் தொகை தரும்) வேலைக்கு யாரும் ஓடிவிடாதீர்கள்; அங்கே படியும் இல்லை, உயர்வும் இல்லை. இன்னொன்று, பணியிடம். மதுரை கலெக்டர் ஆபீஸ் கிடைத்தால் அம்மா கட்டும் சாப்பாட்டோடு பஸ் ஏறலாம். சென்னையோ கிருஷ்ணகிரியோ என்றால் வாடகை, மெஸ், ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாம் சேர்ந்து அந்த வாடகைப்படியை விழுங்கிவிடும். பணியிடம் ஒதுக்கும் கலந்தாய்வில் சம்பளத்தைவிட ஊருக்குத்தான் நான் போராடுவேன்.

ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இன்றே கொடுக்காதீர்கள். கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்பார்கள். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உங்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம்தான் பாக்கி. சேரும் தேதி இடம் கொடுத்தால் அதுவரை இருங்கள். 17,500 அடிப்படைக்கு கிராஜுவிட்டி சுமார் 50,000 ரூபாய்.