குளிரில் ஸ்டாட் வராத பழைய சிவிக்: ஸ்டாட்டரை மாற்ற முதல் பற்றரியை அளந்து பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கனடாவின் ஸ்காபரோவில் உங்களுக்கு இது முதல் குளிர்காலம். 2010 ஹொண்டா சிவிக் ஒன்றைத் தனியாள் ஒருவரிடம் வாங்கியிருக்கிறீர்கள். அப்பார்ட்மென்ற் வெளிப் பார்க்கிங்கில்தான் கார் நிற்கிறது. மைனஸ் 15, மைனஸ் 20 என்று போகிற காலைகளில் திறப்பைத் திருப்பினால் 'டகடகடக' என்ற சத்தம் மட்டும் வருகிறது. பூஸ்ட் கொடுத்தால், அதாவது இன்னொரு காரின் பற்றரியிலிருந்து கேபிளால் மின்சாரம் கொடுத்தால், உடனே ஸ்டாட் வருகிறது. ஒரு கராஜில் ஸ்டாட்டர் (எஞ்சினைச் சுற்றி எழுப்புகிற மோட்டர்) போய்விட்டது, 650 டொலர் என்றார்கள். இன்னொரு கராஜில் ஓல்டனேற்றர் (எஞ்சின் ஓடும்போது பற்றரியை நிரப்புகிற கருவி) என்றார்கள். எதை மாற்றுவது, விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு இரண்டையும் மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. அந்த 'டகடக' ஸ்டாட்டரின் சொலினொயிட் (மின்காந்தச் சுவிச்) போடுகிற சத்தம். திறப்பைத் திருப்பியதும் அது உள்ளே இழுபட்டு மோட்டருக்கு மின்சாரத்தை விடுகிறது. மோட்டர் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியரை ஒரே இழுவையாகக் கேட்க, பற்றரியின் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. வோல்டேஜ் விழ, சொலினொயிட்டும் விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, திரும்ப இழுபடுகிறது. செக்கனுக்குப் பலமுறை இது நடப்பதுதான் அந்தச் சத்தம். ஸ்டாட்டர் வேலை செய்ய நிற்கிறது, அதற்கு மின்சாரம் காணவில்லை. பூஸ்ட் கொடுத்த உடனே எஞ்சின் வேகமாகச் சுற்றிப் பற்றிக்கொள்வதும் அதையே காட்டுகிறது.

ஆகவே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: பற்றரி, அதன் தொடுப்புகள், பற்றரியை நிரப்புகிற அல்லது இரவில் வடிக்கிற ஏதாவது.

கனேடியன் ரயரில் 20, 30 டொலருக்கு ஒரு டிஜிட்டல் மல்ரிமீற்றர் வாங்குங்கள். பழைய கார் வைத்திருக்கிற ஒருவருக்கு இதைவிடப் பெறுமதியான சாமான் இல்லை. காரை இரவு முழுக்க நிற்க விட்டு, காலையில் கதவைத் திறக்க முதல், ஹூட்டைத் தூக்கிப் பற்றரியின் இரண்டு முனைகளிலும் வைத்து அளவுங்கள். (ஹூட் திறக்கிற பிடி உள்ளே இருப்பதால் முதல் நாள் இரவே அதை இழுத்து, ஹூட்டைப் பாதி கொளுவியபடி விட்டுவிடலாம்.) 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறைந்த பற்றரி. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான். பாதி நிரம்பிய பற்றரி செப்ரெம்பரில் பிரச்சினை தராது, ஜனவரியில் கட்டாயம் தரும். மைனஸ் 18 பாகையில் நல்ல பற்றரிக்கே எஞ்சினைச் சுற்றுகிற வலு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அதே நேரத்தில் ஒயில் தடித்து எஞ்சின் கூடுதல் வலு கேட்கிறது.

அடுத்தது, ஆளொருவர் திறப்பைத் திருப்ப நீங்கள் மீற்றரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றுகிறபோது மிதமான காலநிலையில் 9.6 வோல்டுக்குக் கீழே போகக்கூடாது. மைனஸ் 18இல் 8.5 வரை ஏற்றுக்கொள்ளலாம். காலையில் 12.5 காட்டிய பற்றரி திறப்பைத் திருப்பியதும் 6, 7க்கு விழுந்தால் அதன் காலம் முடிந்தது. எத்தனை முறை சார்ஜ் பண்ணினாலும் பயனில்லை. வயதையும் பாருங்கள்: பல பற்றரிகளில் ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும் பொறித்திருக்கும். எழுத்து மாதம், இலக்கம் வருடத்தின் கடைசி எண். 'சி1' என்றால் 2021 மார்ச். இங்கே நான்கைந்து வருடம் ஓடிய பற்றரி தன் கடமையைச் செய்துவிட்டது.

ஆனால் பற்றரி வாங்க ஓட முதல் தொடுப்புகளைப் பாருங்கள். கனபேர் தவறவிடுகிற இடம் இது. பற்றரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், அல்லது கிளாம்ப்பைக் கையால் பிடித்துத் திருப்ப அது அசைந்தால், புதுப் பற்றரி போட்டாலும் அதே 'டகடக'தான். 10 மில்லிமீற்றர் ஸ்பனர் ஒன்று போதும். கறுப்பை, அதாவது நெகற்றிவ்வை, முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா கரைத்துப் பழைய பற்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக் கழன்று வரும். துடைத்துக் காயவைத்து, முனையின் ஈயம் பளபளக்கும் வரை கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டி இறுக்குங்கள். கழற்ற முதல் ஒரு விசயம்: இந்த வயது ஹொண்டாக்களில் பற்றரியைக் கழற்றினால் ரேடியோ கோட் கேட்கலாம். கோட் இல்லாவிட்டால் காருக்கு ஒன்றும் ஆகாது, பாட்டு மட்டும் வராது.

ஒன்ராறியோவில் வீதிக்கு உப்புப் போடுவதால் எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே போகிற ஏர்த் வயர் உள்ளுக்குள்ளேயே கறள் பிடித்துவிடும். வெளியே பார்க்க முழுசாகத்தான் தெரியும். இதையும் மீற்றரே காட்டித்தரும். ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் ஈயத்திலும், மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் அந்த வயரை மாற்ற வேண்டும். ஸ்டாட்டரோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

இனி ஓல்டனேற்றர் கதை. ஹொண்டாவில் இதைத் தெரியாதவர்கள் பிழையாகச் சொல்லிவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொதுவாக எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 13.7 முதல் 14.7 வோல்ட் இருக்க வேண்டும். ஆனால் ஹொண்டா, பெற்றோல் மிச்சம் பிடிக்க, மின்சாரச் சுமை குறைந்த நேரங்களில் ஓல்டனேற்றரைத் தானே 12.4, 12.9 என்ற அளவுக்கு இறக்கிவிடும். சுமையை அளக்க ஹூட்டுக்குள் இருக்கிற ஃபியூஸ் பெட்டியில் ஒரு சென்சர் உண்டு. சும்மா ஐடிலில் மீற்றரை வைத்து 12.7 என்று பார்த்தவர் ஓல்டனேற்றர் செத்துவிட்டது என்று நினைப்பார். ஹெட்லைற்றையும், பின்கண்ணாடி டிஃபொக்கரையும், காற்றாடியையும் போட்டுவிட்டு அளவுங்கள். 14ஐத் தாண்டி ஏறினால் ஓல்டனேற்றர் நலமாக இருக்கிறது. அவ்வளவும் போட்டும் 13க்குக் கீழேயே நின்றால், அல்லது டாஷ்போர்டில் பற்றரி விளக்கு எரிந்தால், அப்போது சந்தேகப்படுங்கள்.

பற்றரி புதிது, தொடுப்பு சுத்தம், ஓல்டனேற்றர் சரி, ஆனாலும் இரண்டு நாளில் இறங்குகிறது என்றால் நிறுத்தி வைத்திருக்கும்போது எதுவோ உறிஞ்சுகிறது. டாஷ்கேம், போன் சார்ஜர், பின்னால் வாங்கிப் பூட்டிய ரிமோட் ஸ்டாட்டர் எல்லாவற்றையும் முதலில் பிடுங்குங்கள். பிறகு நெகற்றிவ் கேபிளைக் கழற்றி, மீற்றரை 10 அம்பியர் நிலையில் வைத்து, ஈயத்துக்கும் கேபிளுக்கும் நடுவே தொடுங்கள். கதவுகளைப் பூட்டி அரை மணித்தியாலம் விட்டால் 50 மில்லி அம்பியருக்குள் வர வேண்டும். மீற்றர் அப்படி இருக்கையில் திறப்பைத் திருப்பவே கூடாது, மீற்றரின் ஃபியூஸ் போய்விடும். அளவு 50ஐ விடக் கூடினால் காரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்ற அளவு விழுகிறதோ அந்தப் பாதையில்தான் பிழை. ஹொண்டாக்களில் ஏசி கிளச்சின் ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற சிறு சுவிச்) உள்ளே ஒட்டிக்கொண்டு, கார் நின்ற பிறகும் கிளச்சுக்கு மின்சாரம் விட்டபடி இருப்பது அறிந்த நோய். மணிக்கணக்காக நின்ற காரின் ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள்: மற்றதெல்லாம் பனிக்கட்டி போல இருக்க ஒன்று மட்டும் இளஞ்சூடாக இருந்தால் கள்ளன் அதுதான்.

உங்கள் ஓட்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். வேலைக்குப் பத்து நிமிடம், கடைக்கு ஐந்து நிமிடம், ஹீற்றர், சீற் சூடு எல்லாம் போட்டபடி ஓடினால் ஸ்டாட் பண்ணச் செலவான மின்சாரம் திரும்பி ஏறாது. கிழமைக்கு ஒரு தடவையாவது 401 நெடுஞ்சாலையில் அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள்.

வேறு சத்தம் வந்தால் வேறு கதை. ஒரே ஒரு 'டக்', விளக்குகள் மங்காமல் நிற்கின்றன என்றால் அது உண்மையிலேயே ஸ்டாட்டர். அதன் உள்ளே செப்புத் தொடுமுனையோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். சத்தமே இல்லை, விளக்கு பிரகாசமாக இருக்கிறது என்றால் கியரை 'என்'இல் (நியூட்ரலில்) போட்டுத் திருப்பிப் பாருங்கள். அதில் வந்தால் கியர் சுவிச்தான் பிழை. எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் பற்றரியை மறந்துவிடுங்கள். டாஷ்போர்டில் பச்சைத் திறப்புப் படம் மின்னினால் காருக்கு உங்கள் திறப்பைத் தெரியவில்லை. 2007 செப்ரெம்பர் 1 முதல் கனடாவில் புதிதாக விற்கிற கார்களுக்கு இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கிற பூட்டு) கட்டாயம், சிப் இல்லாமல் வெட்டிய திறப்பு கதவைத் திறக்கும், எஞ்சினைப் பற்ற விடாது. படம் மின்னாவிட்டால், திறப்பை 'ஓன்'இல் வைத்துப் பின்சீற்றுக்குக் கீழே காது கொடுங்கள். பெற்றோல் பம்ப் இரண்டு செக்கன் முனக வேண்டும். முனகவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். பம்ப் கேட்டும் பற்றவில்லை என்றால் காரின் கம்பியூட்டர் பதிந்த பிழை எண்ணை வாசிக்கிற மலிவான கோட் ரீடர் ஒன்றைச் செருகுங்கள். பி0335 என்று வந்தால் எஞ்சின் சுற்றுவதைக் கவனிக்கிற கிராங்க்ஷாஃப்ட் சென்சரின் பக்கம் பார்க்க வேண்டும்.

இங்கே மட்டும் நடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்னோ அள்ளுவதற்காகக் காரை ஸ்டாட் பண்ணி, பத்து அடி தள்ளி நிறுத்தி, உடனே ஓவ் பண்ணுவார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் நிறையப் பெற்றோல் போயிருக்கும், எரிந்து முடியாது, பிளக்குகள் நனைந்துவிடும். அடுத்த முறை சுற்றும், பற்றாது. அக்சிலரேற்றரைத் தரைவரை அழுத்தியபடி திருப்புங்கள். அப்போது கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். 15 செக்கனுக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். பற்றியதும் காலை எடுங்கள். இனிமேல் ஸ்டாட் பண்ணினால் சூடேறும்வரை ஓட விடுங்கள், ஆனால் பேஸ்மென்ற் கராஜுக்குள் ஒருபோதும் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

பூஸ்ட் கொடுக்கிற ஒழுங்கு: சிவப்பு முதலில் உங்கள் பொசிற்றிவ்வில், பிறகு மற்றக் காரின் பொசிற்றிவ்வில், கறுப்பு மற்றக் காரின் நெகற்றிவ்வில், அதன் கடைசி முனை உங்கள் எஞ்சினின் வெறும் உலோகத்தில், பற்றரியில் இல்லை. கடைசித் தொடுப்பில் பொறி பறக்கும், பற்றரிக்கு மேலே ஹைட்ரஜன் இருக்கலாம். கழற்றுவது இதன் தலைகீழ். கேபிள் 4 கேஜ் தடிப்பில் வாங்குங்கள். மெல்லியது சூடாகும், காரை எழுப்பாது. பற்றரியின் பக்கங்கள் வீங்கியிருந்தால் கேபிளைத் தொடவே வேண்டாம். முழுக்க இறங்கிய பற்றரி மைனஸ் பத்துக்குள்ளேயே உறைந்துவிடும், உறைந்ததற்குப் பூஸ்ட் கொடுத்தால் வெடிக்கலாம். சிஏஏ (வீதியில் நின்ற காருக்கு உதவுகிற சங்கம்) அங்கத்துவம் இருந்தால் செல்போனில் *222 அழுத்துங்கள். வந்து பூஸ்டும் தருவார்கள், பற்றரியையும் சோதிப்பார்கள்.

அளவுகள் பற்றரியைக் காட்டினால் வாங்க வேண்டியது 51ஆர் அளவு. 51 என்று மட்டும் இருப்பதை எடுக்காதீர்கள், முனைகள் இடம் மாறியிருக்கும், உங்கள் கேபிள் எட்டாது. மைனஸ் 18 பாகையில் அளந்த குளிர் அம்பியர் (பற்றரியில் 'சிசிஏ' என்று எழுதியிருக்கும்) 450க்குக் குறையாமல் இருக்கட்டும். பழையதைத் திருப்பிக் கொடுத்து வைப்புக் காசை வாங்க மறக்காதீர்கள். ஒயிலையும் கேளுங்கள்: இந்த எஞ்சினுக்கு 5டபிள்யூ-20. ஊர்ப் பழக்கத்தில் 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஒயில் யாராவது ஊற்றியிருந்தால் எந்தப் பற்றரியும் அதைக் காலையில் சுற்றாது.

விற்றவரிடம் காசு கேட்கிற விசயத்தில் பெரிய நம்பிக்கை வேண்டாம். சேஃப்ரி சேர்ட்டிஃபிக்கற் பிரேக், ஸ்ரியரிங், ரயர், லைற் போன்றவற்றுக்குத்தான். பற்றரிக்கு உத்தரவாதம் இல்லை. ஒன்ராறியோவில் கார் விற்பனையைக் கண்காணிக்கிற ஓம்விக் அமைப்பு, லைசென்ஸ் உள்ள டீலர்களைத்தான் கவனிக்கிறது, தனியாள் விற்பனைக்குள் வராது. அவரை அழைப்பதானால் பயன்படுகிற இரண்டைக் கேளுங்கள்: ரேடியோ கோட் எழுதிய அட்டை, கார் வாங்கியபோது கிடைத்த இரண்டாவது திறப்பு.