ஆட்டுப் பட்டியிலிருந்து வால்பாறை வரை: குடற்புழு கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி குடற்புழுதான். இந்த முறை வந்ததில் சில.

ஏனுங்க டாக்டர், 30 வெள்ளாடு இருக்குது. புழுக்கையை டெஸ்ட் பண்ணினதுல முக்கால்வாசி ஆட்டுக்குப் புழு முட்டை இருக்குன்னு சொல்லிட்டாங்க. மொத்தப் பட்டிக்கும் மருந்து ஊத்திரட்டுங்களா? (வெள்ளக்கோவில் வாசகர்)

கொஞ்சம் பொறுங்க. கொரங்காட்டில் மேயும் ஆட்டில் முட்டையே இல்லை என்றால்தான் நான் ஆச்சரியப்படுவேன். ரிப்போர்ட்டில் 'ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை' என்று ஓர் எண் இருக்கும். 100, 200 என்றால் தீனி நன்றாக எடுக்கும் ஆடு தாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் இருந்தால் கவலைப்படுங்கள். நம் பக்கம் ஆட்டைக் கொல்வது ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப்புழு. செத்த ஆட்டின் நாலாம் வயிற்றைக் கீறினால், சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூல் போல, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நெளியும். ஒரு புழு நாளைக்குக் குடிப்பது 0.05 மில்லி ரத்தம்தான். ஆனால் ஆயிரம் புழு சேர்ந்தால் 50 மில்லி. 20 கிலோ ஆட்டுக்கு மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டர் சுமாருக்குத்தான்.

பட்டியில் இருக்கும் புழுவில் பெரும்பங்கு நாலைந்து ஆடுகளின் வயிற்றில்தான் கிடக்கும். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளுத்திருந்தாலோ, தாடைக்கடியில் நீர் கோத்திருந்தாலோ மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் வருசம் முழுக்க ஒரே மருந்தை ஊற்றினால், அதற்கு மசியாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். அளவு குறைந்தாலும் அதே கதைதான். ஒரு தோட்டத்தில் 12 கிலோ குட்டிக்கும் 35 கிலோ கிடாய்க்கும் ஒரே மூடியில் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டை எடை போட்டு ஊற்றுங்கள். பனி காயும் முன்னால் பட்டியைத் திறக்காதீர்கள், ஈரப் புல்லில்தான் புழுக்குஞ்சு மேலேறி நிற்கும்.

கீழ்பவானி வாய்க்கால் ஓரம் மாடு மேய்க்கிறோம். பூச்சி மருந்து கொடுத்தும் கழிச்சல் நிற்கலை. டெஸ்ட்டுல புழு இல்லைன்னு வருது. (கோபி)

எந்த டெஸ்ட் என்று கேட்டீர்களா? வழக்கமான சோதனையில் சாணியை உப்புக் கரைசலில் கலக்கி, மிதந்து வரும் முட்டையைப் பார்ப்பார்கள். வாய்க்கால் நத்தை வழியாக வரும் தட்டைப்புழுவின் முட்டை கனம், அடியில் போய்ப் படிந்துவிடும். படிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இதற்கு மருந்தும் வேறு. சினை மாடாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் ஊற்ற வேண்டாம், முதல் மாதச் சினையில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து கருவையே கெடுக்கும்.

பிறந்து 12 நாளான எருமைக்கன்று. புல்லே கடிக்காததுக்குப் புழு எப்படிங்க வரும்? (பவானி)

தாய்ப்பாலில் வரும். கன்று களிமண் நிறத்தில் நாற்றமாகக் கழிந்தால் சந்தேகமே வேண்டாம். 10 முதல் 16 நாளுக்குள் முதல் டோஸ் கொடுத்துவிடுங்கள்.

நாட்டுக்கோழியோட வான்கோழியும் வளர்க்கிறேன். தினமும் மயில் வந்து தீவனம் தின்னுது. (தாராபுரம்)

மயிலைத் துரத்துவது நம்மால் ஆகிற காரியமில்லை, சட்டமும் அதன் பக்கம். நான் கவலைப்படுவது உங்கள் கோழியைப் பார்த்துத்தான். கோழியின் குருட்டுக் குடலில் இருக்கும் சின்னப் புழு கோழியை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் அதன் முட்டைக்குள் ஒளிந்துவரும் ஒரு நுண்ணுயிர் வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். அந்த முட்டை மண்ணில் வருசக்கணக்கில் கிடக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் விடாதீர்கள்.

வால்பாறையில் காட்டெருமை, யானைக்கெல்லாம் புழு இருக்குமா? அதுகளுக்கு யார் மருந்து கொடுப்பார்கள்?

தாராளமாக இருக்கும். யானைச் சாணத்தில் புழு முட்டை கிடைப்பது சாதாரணம். காட்டெருமைக்கும் மாட்டுக்கும் பொதுவான வயிற்றுப்புழுக்களும் உண்டு. மருந்து யாரும் கொடுப்பதில்லை, தேவையும் பெரும்பாலும் வராது. இன்று மேய்ந்த இடத்தில் நாளை நிற்காததே அவற்றுக்குப் பாதுகாப்பு. கோடையில் ஒரே குட்டையைச் சுற்றி எல்லாம் கூடும்போதுதான் சுமை ஏறும். தேயிலைத் தோட்டத்து மாடுகளைக் காட்டோரம் அவிழ்த்துவிடாமல் இருந்தால் இரு பக்கமும் நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புழுக்கையைக் கவரில் ஒட்டி எனக்குத் தபாலில் அனுப்பாதீர்கள். போன வாரம் ஒன்று வந்தது. வந்து சேர்வதற்குள் முட்டை பொரிந்து கணக்கே போச்சு. தபால்காரர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று போட்டதை மூடி போட்ட டப்பாவில், பனிக்கட்டி வைத்து, அன்றே பக்கத்து கால்நடை மருந்தகத்தில் கொடுங்கள்.