சீசன் முடிந்த பிறகு நம் பலவீனத்தை எப்படி எதிர்கொள்வது?

கேள்வி இதுதான்: “வேலைக்குப் போய்க்கொண்டே ஹாஃப் மராத்தான் ஓடுகிறேன். சீசன் முடிந்துவிட்டது. எதில் பலவீனம் என்று தெரிந்தும் அதைத் தொட மனம் வரவில்லை. பந்தயம் இல்லாத மாதங்களில் அதை எப்படி எதிர்கொள்வது?”

தொட மனம் வரவில்லை என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். எந்தத் தசைக்கு எந்தப் பயிற்சி என்று தெரிந்துகொள்வது இன்று கஷ்டமே இல்லை. யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. பரவாயில்லாமல் ஓடுகிறவர் என்று நாலு பேரிடம் பெயர் வாங்கிவிட்டு, அதே நாலு பேர் முன்னால் மறுபடி கற்றுக்குட்டியாக நிற்பதுதான் கஷ்டம். சீசன் நடக்கும்போது அந்தச் சங்கடத்தைத் தள்ளிப்போட ஒரு நியாயம் இருக்கிறது: அடுத்த பந்தயம் வருகிறது, இப்போது போய் எதையும் மாற்றக் கூடாது. அது சரியான நியாயமும்கூட. பந்தயம் முடிந்ததும் அந்த நியாயம் போய்விடுகிறது. அதனால்தான் இந்த மாதங்கள் இவ்வளவு சங்கடப்படுத்துகின்றன என்று நினைக்கிறேன்.

நான் சேலம். வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகங்களில் ஓய்வுக்காலம் என்றால் பனிக்காலம். நமக்கு அது கோடை. சென்னை மராத்தான் ஜனவரியில் முடிகிறது. பிப்ரவரி தாண்டியதும் சேலத்தில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் விடியற்காலை ஐந்து மணிக்கே சட்டை நனைந்துவிடும். உடலைக் குளிர்விக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குப் போய்விடுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கடிகாரம் காட்டும் வேகத்தை டிசம்பரோடு ஒப்பிட்டால் மனசுதான் கெடும். அதனால் கோடையில் நான் வேகத்தைத் துரத்துவதில்லை. வேகம் தேவைப்படாத வேலைகளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

எது பலவீனம் என்று கண்டுபிடிக்கப் பந்தய நேரங்களைப் பார்க்க வேண்டாம். பயிற்சிக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எந்தப் பயிற்சி அடிக்கடி ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போயிருக்கிறது? எந்த நாளில் மட்டும் வேலை, தூக்கமின்மை, மழை எல்லாம் சேர்ந்து வந்திருக்கின்றன? என் குறிப்பில் அது மலை இறக்கம்.

ஏற்காடு மலைப்பாதையை அறிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள்தான், ஏற்காடு ஊர் ஏறத்தாழ 1,500 மீட்டரில். ஏற்றம் எனக்குப் பிடிக்கும். மூச்சு வாங்கினாலும் கால் நிதானமாக வேலை செய்யும், பலரைத் தாண்டிப் போவேன். இறங்கும்போது அதே ஆட்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். உடலைப் பின்னால் சாய்த்து, குதிகாலை முன்னால் ஊன்றி, ஒவ்வொரு அடியிலும் பிரேக் போடுவேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. முழங்கால் சரியில்லை என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பவும் செய்தேன்.

இறக்கத்தில் தொடையின் முன்பக்கத் தசை சுருங்கித் தள்ளுவதில்லை. நீண்டுகொண்டே நம் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த வேலை கடுமையானது. ஒன்று முதல் மூன்று நாள் வரை நீடிக்கும் அந்த வலி இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் அடுத்த முறை அதே தசைக்கு வலி கணிசமாகக் குறையும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் வரை நிற்கும். ஆக, வலிக்கிறதே என்று இறக்கத்தை ஒதுக்க ஒதுக்க, அடுத்த இறக்கம் இன்னும் அதிகமாக வலிக்கும். இதை விளங்கிக்கொண்டபோது எனக்குப் பெரிய நிம்மதி.

பிசியோ (இயன்முறை மருத்துவர்) ஒருவரிடம் காட்டினேன். படியில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, மற்றக் குதிகால் தரையைத் தொடும்வரை மெல்ல இறங்கச் சொன்னார். வலது காலில் ஒழுங்காக இறங்கினேன். இடது காலில் இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது, முழங்கால் உள்ளே மடங்கியது. முழங்காலில் கோளாறு எதுவும் இல்லை, இடுப்பின் பக்கத் தசைக்குத்தான் வலு இல்லை என்றார். நீங்களும் வீட்டுப் படியில், செல்போனை எதிரே வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். கண்ணாடியைவிட அது தெளிவாகக் காட்டும். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு கெண்டைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

அப்புறம் வேலை சலிப்பூட்டக்கூடியதுதான். படியிறக்கம், ஒற்றைக்கால் ஸ்குவாட், பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். சாலையில் முதலில் அடிவாரத்துக்கு முன்னால் உள்ள லேசான சரிவிலேயே நின்றுகொண்டேன்: சின்ன அடிகள், வேகமான தாளம், பாதம் உடலுக்கு நேர் கீழே விழ வேண்டும், பார்வை கொஞ்சம் தள்ளி முன்னால். இது கைவந்த பிறகுதான் வளைவுகள். இதற்கிடையில் மற்ற ஓட்டமெல்லாம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். மூக்கனேரிக் கரைப் பக்கம் போனால் அந்த வேகம் தானாக வந்துவிடும். ஓட்டத் திறன் குறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். கடும் பயிற்சியை நிறுத்தினால் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் லேசான ஓட்டத்தை விடாமல் வைத்திருந்தால் சீசனுக்கு முன் திரும்பப் பிடித்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது வாய்விட்டுச் சொன்னதுதான். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவரிடம், “அண்ணா, இந்தக் கோடை முழுக்க நான் கடைசியாத்தான் இறங்குவேன், எனக்காக நிக்காதீங்க” என்றேன். “சரி தம்பி, கீழ டீக்கடையில உக்காந்திருக்கோம், மெதுவா வா” என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் பயந்த அந்தப் பார்வையை யாரும் பார்க்கவில்லை. அதுமட்டுமல்ல, அடுத்த வாரமே இன்னொருவர் வந்து, தனக்கு ஏற்றத்தில் நெஞ்சு படபடப்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததாகச் சொன்னார். அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பினோம். ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கும் வாய் திறக்கிறது. கூட்டமாக ஓடுவதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எங்கள் மாவட்டத்துக் கிரிக்கெட் பந்துவீச்சாளர், சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துக்கொள்கிறேன். 2015-இல் ரஞ்சியில் அறிமுகமானபோதே அவர் பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. டென்னிஸ் பந்தில் வீசி வீசி உடம்பில் ஊறிய பாணியை மாற்ற வேண்டிய நிலை. மாற்றிக்கொண்டு 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டிஎன்பிஎல்) ஆடினார். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அவருக்குப் பிழைப்பே அதில் இருந்தது, அதனால் மாறியே ஆக வேண்டும். நம்மைப் போன்றவர்களை யாரும் வற்புறுத்தப் போவதில்லை. மாறாமலே இன்னும் பத்து வருஷம் ஓடலாம். அப்படியிருந்தும் மாற விரும்பி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் எடுங்கள். இறக்கமும் வேகமும் உணவும் தூக்கமும் ஒரே கோடையில் திருந்தாது. எல்லாவற்றையும் எடுத்தவர்கள் ஆனி மாதம் வரும் முன்பே எல்லாவற்றையும் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். முன்னேற்றத்தைக் கிலோமீட்டர் நேரத்தில் தேடாதீர்கள். இடது காலில் இடுப்பு சரிகிறதா, மறுநாள் மாடிப்படி இறங்க முடிகிறதா, இவைதான் எனக்கு அளவு. தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே இடத்தில் குத்துகிற வலி, வீக்கம், ஓட ஓடக் கூடுகிற வலி என்றால் நிறுத்திவிட்டுப் பிசியோவைப் பாருங்கள்.

சேலம் பக்கம் இருப்பவர் என்றால் இன்னொன்று: மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதையில் ஓட வேண்டாம். வளைவுகளில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும், ஓரம் கிடைக்காது. அந்த நாட்களில் படிப் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு, கூட்டம் வடிந்ததும் விடியலில் வாருங்கள். நாங்கள் அடிவாரத்தில்தான் இருப்போம்.